கரையில் காப்பாற்றப்பட்டவர்கள்

உலகத்துக் கடல்களில் இதுவரை எத்தனையோ கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன. ஆனால் மூழ்கிய ஒரு கப்பலுக்காக இரண்டு துணைக்குழுக்கள், ஒரு கண்டனத் தீர்மானம், ஒரு விழிப்புணர்வு வாரம், ஒலிபெருக்கியோடு கூடிய ஒரு மேடை ஆகிய அனைத்தையும் பதினோரே நாளில் ஏற்பாடு செய்த ஒரே அலுவலகம் எங்கள் படகுத்துறை அலுவலகம்தான். அதன் கண்காணிப்பாளர் என்ற முறையிலும், விழாக்குழுச் செயலாளர் என்ற முறையிலும் இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கோ தூரக் கடலில் பதினான்கு மாடி உல்லாசக் கப்பல் ஒன்று பாறையில் மோதிச் சாய்ந்துவிட்டது. உள்ளே நீச்சல் குளம் மட்டுமே மூன்று இருந்ததாம். சிலர் கரை சேரவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. பயணிகள் தத்தளித்துக்கொண்டிருந்தபோது கப்பலின் கேப்டன் முதல் ஆளாக இறங்கித் தப்பித்துவிட்டார் என்ற செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. ஏழேகாலுக்குள் எங்கள் ஊரில் கப்பல் ஓட்டத் தெரியாதவர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை.

முடிதிருத்துபவர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "நானா இருந்தா பாறையப் பாத்ததுமே ரிவர்ஸ் எடுத்திருப்பேன் சார். என்ன சொல்றீங்க?" என்றார். கத்தி இருந்த இடத்தை உத்தேசித்து, "கண்டிப்பா" என்றேன்.

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் என் மச்சினன் இன்னும் ஆழமாகப் போனான். "இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல மாமா. ஃப்ரிட்ஜ் மாதிரிதான் கப்பலும். கதவ ஒழுங்கா சாத்தியிருந்தா உள்ள தண்ணி வந்திருக்குமா?" வெளிநாட்டில் இருந்த நிபுணர்கள் எவருக்கும் இது தோன்றவில்லை என்பதில் அவனுக்கு ரொம்ப வருத்தம்.

இந்த விவாதங்கள் பெரும்பாலும் நடந்த இடம் எங்கள் பயணிகள் படகுதான். ஆற்றின் முகத்துவாரத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் படகு. 'எண்பது பேர்' என்று அதன் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. காலை ஒன்பது மணி நடையில் அந்த எழுத்தை யாரும் படிக்க முடியாது. அதன்மேல் நாலு பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நூற்று முப்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றபடி, "பாதுகாப்புன்னா என்னன்னே தெரியாத பயலுக சார்" என்று அந்தக் கப்பல் கம்பெனியைக் கிழித்துத் தொங்கவிடுவதைக் கேட்கக் கேட்க எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்படி ஊரே விழித்துக்கொண்ட நேரத்தில்தான் படகை ஓட்டுபவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். துறையில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர் அண்ணன்'. சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது, கையில் ஒரு வாளி.

"சார், கீழ பலகை இடுக்குல தண்ணி கசியுது. வாளி வச்சு இறைச்சு இறைச்சுதான் ஓட்டிட்டிருக்கேன். பலகைய மாத்தற வரைக்கும் அந்த லைஃப் ஜாக்கெட்டையாவது எடுத்துப் படகுல போட்டு வைங்களேன்."

லைஃப் ஜாக்கெட் எங்களிடம் இல்லாமல் இல்லை. அறுபது இருந்தன. வந்த நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், சேமிப்பறை அலமாரியில், பூட்டி, பத்திரமாக இருந்தன. உயிரைக் காக்கும் பொருளை நாங்கள் அந்த அளவுக்குக் காத்தோம். சேமிப்பறைக்கு ஒரு விதி உண்டு. எந்தப் பொருளானாலும் அதைப் பயன்படுத்தப் போகிறவரே நேரில் வந்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் உலர்ந்த நிலையில் திருப்பித் தர வேண்டும்.

"யார் பேர்ல எழுதறது?" என்றேன்.

"எல்லார் பேர்லயும்தான்."

"எல்லாரும் முழுகுவாங்கன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

"அது எப்படி சார் சொல்ல முடியும்?"

"அப்புறம் எப்படி எல்லாருக்கும் தர்றது? முழுகப்போறது யாருன்னு முடிவானதும் அவங்கள வரச் சொல்லுங்க."

டிரைவர் அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்தான், நிர்வாகம் மட்டும் புரியாது.

அன்று பிற்பகல் மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். முதலில் இரண்டு நிமிடம் மௌனம். நேரம் பார்க்க வேண்டியவரும் கண்ணை மூடிக்கொண்டதால் அது ஒன்பது நிமிடமாகிவிட்டது. பிறகு அந்தக் கேப்டனை வன்மையாகக் கண்டித்து ஒரு தீர்மானம், ஏகமனதாக.

"வெறும் கண்டனம் போதுமா?" என்று மேசையைத் தட்டினார் மேலாளர். "நம்ம மக்களுக்கு விழிப்புணர்வு வர வேணாமா?"

"படகுல பலகை கசியுதுன்னு டிரைவர் சொல்றார் சார்" என்று நான் குறிப்பைப் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

"முதல்ல விழிப்புணர்வு, அப்புறம் பலகை. விழிப்புணர்வு இல்லாத ஜனங்களுக்குப் பலகைய மாத்தி என்னய்யா புண்ணியம்?"

'பயணிகள் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம்' அப்படித்தான் பிறந்தது. நிறைவு விழாவைப் படகுத்துறையிலேயே வைப்பது, மேடையில் இருப்பவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்து மக்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது, ஒன்பது மணிப் படகு மேடைக்குப் பின்னால் மெதுவாகக் கடந்து போவது, அது புகைப்படத்தில் விழுவது என்றெல்லாம் முடிவாயிற்று. சேமிப்பறைக்காரர் தயங்கினார். மேலாளர், "பயன்படுத்தப் போறவங்களே வந்து கையெழுத்துப் போடுவோம், போதுமா?" என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விதியை மதிக்கும் மேலாளர் அமைவது லேசா?

நிறைவு விழாவுக்கு முந்தின இரவு வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோதுதான் சிக்கல். என் மனைவி அக்கரையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். வீட்டிலும் அவள் அதற்கு விடுப்பு எடுப்பதில்லை.

"ஏங்க, அப்போ நாளைக்குக் காலையில ஜாக்கெட்டெல்லாம் வெளிய வருதா?"

"வருது."

"படகுக்கா?"

"மேடைக்கு."

அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "தினமும் அந்தப் படகுல போறது நானு. நீச்சல் தெரியாதது நானு. நீங்க கரையில நாற்காலி போட்டு உக்காந்துட்டு அத மாட்டிக்கப் போறீங்களா?"

"ஒரு முன்மாதிரிக்காகத்தான்மா. வாரம் முடியட்டும், பரிசீலிக்கலாம்."

"பரிசீலிங்க, பரிசீலிங்க. நான் முழுகி முடிக்கறதுக்குள்ள பரிசீலிச்சா சரி."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கோபமில்லை, பயம். கழுவிய டப்பாவையே அவள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வரவேற்புரையைத் திருத்தப் போய்விட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு அறுபது உறைகளும் பிரிக்கப்பட்டன. மேடையில் முப்பத்திரண்டு பேர். மீதி, முன்வரிசை விருந்தினர்களுக்கு. ஆரஞ்சு நிறத்தில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காட்சி கண்கொள்ளாக் காட்சி. ஒன்று மிஞ்சியது. அதை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மாட்டினோம். வாரைப் பூட்டத் தெரியாததால் எல்லாருமே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். புகைப்படத்தில் சரியாக விழ வேண்டுமே என்று நான் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு மேலாளர் பேச எழுந்தார். "ஒரு தலைவன் எங்கே இருக்க வேண்டும்? தன்னை நம்பியவர்களோடு இருக்க வேண்டும்!" கைதட்டல். அதே நேரம் உத்தரவுப்படி படகு மேடைக்குப் பின்னால் மெதுவாக வந்தது. நூற்று முப்பது பேர். கம்பி ஓரமாக என் மனைவியும் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

படகின் நடுவில் நின்ற என் மச்சினன்தான் முதலில் கத்தினான்: "டேய், எங்க மாமா மேடையில இருக்கார்டா!" கைபேசியை உயர்த்திக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினான். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு என்றால் எங்கள் மக்களுக்கு அவ்வளவு ஆர்வம். நூற்று முப்பது பேரும் கைபேசியோடு அதே பக்கம் ஓடினார்கள்.

படகு சாய்ந்தது.

"அந்தப் பக்கம் போங்க! எல்லாரும் அந்தப் பக்கம் போங்க!" டிரைவர் அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். பாதிப் பேர் அதையும் படம் எடுத்தார்கள். பலகை இடுக்கில் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது பக்கத்துக் கம்பிக்கு மேலாகவே உள்ளே வந்தது. என் மனைவி கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஜாக்கெட்டத் தூக்கிப் போடுங்க சார்!" என்று டிரைவர் அண்ணன் கரையைப் பார்த்துக் கத்தினார்.

போட்டிருப்போம். கழற்றத்தான் வரவில்லை. மேடையும் முன்வரிசையுமாக எல்லாரும் எழுந்து நின்று வாரை இழுக்கிறோம், பல்லால் கடிக்கிறோம், ஒருவர் முடிச்சை ஒருவர் பிடித்து இன்னும் இறுக்குகிறோம். மேலாளர் மட்டும் நிதானம் இழக்காமல் ஒலிபெருக்கியில், "பயணிகள் பதற்றப்பட வேண்டாம். நேற்று வழங்கிய துண்டுப் பிரசுரத்தின் மூன்றாம் பக்கத்தைப் பார்க்கவும்" என்று அறிவித்தார். ஒலிபெருக்கிப் பெட்டியின் ஜாக்கெட் ஒன்றுதான் சுலபமாகக் கழன்று வந்தது. அதை நான் வீசினேன். பாதி தூரத்தில் விழுந்தது. சேமிப்பறைக்காரர் என் பின்னாலேயே ஓடிவந்து, "சார், அது நனையக் கூடாது சார்!" என்றார்.

நான் தண்ணீரில் இறங்கினேன். முழங்காலளவு போனதும் என் நீச்சலும் நினைவுக்கு வந்தது: எனக்கும் தெரியாது.

காப்பாற்றியது டிரைவர் அண்ணன்தான். எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கி, கரையை ஒட்டிய மணல்திட்டில் படகைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். ஒரு குலுக்கலோடு படகு நின்றது. தண்ணீர் இடுப்பளவுதான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நூற்று முப்பது பேரும் நடந்தே கரைக்கு வந்தார்கள். போனது சில செருப்பு, நாலைந்து குடை, என் மச்சினனின் கைபேசி. கடைசியாக இறங்கியவர் டிரைவர் அண்ணன். கையில் அந்த வாளி.

என் மனைவி சொட்டச் சொட்ட நனைந்து நேராக என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நான் கால்மணி நேரம் போராடிய முடிச்சை இரண்டு விரலால் அவிழ்த்து ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு மற்றப் பயணிகளும் மேடை ஏறினார்கள். முன்மாதிரிகள் அனைவரும் ஒவ்வொருவராக உரிக்கப்பட்டார்கள். மாற்றுப் படகு வந்து நின்றதும், தண்ணீரில் மிதந்ததையும் சேர்த்து அறுபதையும் அதில் கொண்டுபோய் இருக்கைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

சேமிப்பறைக்காரர் பதிவேட்டோடு குறுக்கே விழுந்தார். "கையெழுத்து இல்லாம எடுக்கக் கூடாதும்மா! பயன்படுத்தறவங்க யாரு? என்ன காரணம்?"

"கொடுங்க இங்க" என்று வாங்கினாள் என் மனைவி. காரணம் என்ற இடத்தில் 'முழுகினதால்' என்று எழுதி, ஈரக் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். விதிப்படி எல்லாம் சரியாக இருந்ததால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு அவள் வேலைக்குப் போனாள்.

மாலையில் நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'விபத்து நேரத்தில் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தவர்களில் எவருக்கும் எந்த ஆபத்தும் நேரவில்லை. முழங்கால்வரை நனைந்த ஒருவரைத் தவிர அனைவரும் முழுமையாக உலர்ந்த நிலையில் காப்பாற்றப்பட்டனர்' என்று எழுதி, அவளிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள், சமாதானமாகிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அவள் சிரிக்கவில்லை. சேறு படிந்த கைப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கேப்டனாவது கப்பல்ல ஏறினதுக்கப்புறம் இறங்கி ஓடினான். நீங்க யாரும் ஏறவே இல்லையே."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதத்தான் வந்தது. அறிக்கையின் கடைசி வரியாக அப்படியே எழுதினேன்: 'அந்தக் கேப்டனாவது ஏறிய பிறகுதான் இறங்கி ஓடினார். நாம் ஏறவே இல்லை.' நாளைக்கு என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கொண்டுபோய் நீட்டினேன்.

மேலாளர் முழுவதையும் படித்தார். கடைசி வரியை இரண்டாம் முறையும் படித்தார். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்யா! இதத்தான் நான் இவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கேன்."

'நாம் ஏறவே இல்லை' என்பதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் 'முன்னெச்சரிக்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.