பாயின் கருமருந்தும் என் வலது கையும்

லகாட்,
சனிக்கிழமை காலை.

அன்பும் பொறுமையும் நிறைந்த என் ஒரே மகள் பிரமிளாவுக்கு, அப்பா தர்மேந்திரன் எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா சுகம், வாசல் மாமரமும் சுகம். சரவாக் காட்டுக்குள் நீயும், நீ பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளும், உன் குளியலறைக்குள் வந்துபோகிறதே அந்த உடும்பும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் இரண்டு கைகளும் பத்து விரல்களோடு இந்த மேசைமேல்தான் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அனுப்பிய குரல் செய்தியில் "ஐயோ, அப்பா கை போச்சு!" என்று அலறியதும், உடனே பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டதும், அத்தோடு செய்தி முடிந்துபோனதும் உண்மை. போன் லைன் எப்போதாவது வந்துபோகும் ஊரில் நீ மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். புதன்கிழமை மலைமேல் ஏறி நின்று நீ போட்ட போனும் "அப்பா உயிரோட" என்பதோடு அறுந்துவிட்டது. அம்மா "இருக்காரு, இருக்காரு" என்று கத்தியது உனக்குக் கேட்டதோ இல்லையோ, நம் லகாட் ஊர் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா மாலையோடு வந்துவிட்டார். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எல்லாம் மீரா சாஹிப் பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஆரம்பித்தது. பெர்த்தில் இருக்கும் மகள் ரஸ்னாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் உன் பாய் மாமா அங்குள்ள கிளப்பில் கருமருந்துத் துப்பாக்கி சுட்டுப் பழகியிருக்கிறார். அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது. மருந்தைத் தனியாக அளந்து கொட்டி, ஈயக்குண்டைத் தனியாக அழுத்தி, மேலே கொழுப்பைப் பூசி, பின்னால் பொட்டுவெடி மாதிரி ஒரு சின்ன 'கேப்' மாட்டிச் சுட வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு. அந்தப் பெர்த் கிளப்காரர்கள் ஈப்போவுக்கு வரப்போகிறார்கள், இரண்டு துப்பாக்கிகளைக் கொண்டுவர ஏகப்பட்ட விண்ணப்பப் பாரங்களை நிரப்பி ஒரே ஒரு நாளுக்குப் பெர்மிட் வாங்கியிருக்கிறார்கள் என்று பாய் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது துப்பாக்கியா பாய்? தீபாவளி வெடிலா," என்றேன். "முப்பது வருஷம் போலீஸ்ல ரெக்ரூட் பையங்களுக்குச் சுடச் சொல்லிக் குடுத்தவன் நான். இப்ப உள்ள பிஸ்டல் பக்கத்துல அது நிக்குமா?"

"குறி பாத்துப் போறதுக்கு வயசு கெடையாது தர்மா. ஆளுக்கு அஞ்சு குண்டு, இருபத்தஞ்சு மீட்டர். பேப்பர் சொல்லட்டும். தோத்தவன் ஜெயிச்சவன் சொல்றத ஒண்ணு கேக்கணும். சரியா?"

பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தே தாரிக் டீக் கிளாஸைப் பிடித்திருந்த என் வலது கையைத்தான் பார்த்தார். இரண்டு மாதமாகவே அந்தக் கை தன் பாட்டுக்கு ஒரு தாளம் போடுகிறது, கண்ணு. உன்னிடம் சொல்லவில்லை. பாய் ஜெயித்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: ஆஸ்பத்திரிக்கு வா என்பார். நான் ஜெயித்தால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. சரி என்றேன்.

ஞாயிறு காலை, மலையடிவாரத்துச் சுடும் ரேஞ்சுக்குப் போனோம்; பெர்த்காரர்கள் அந்த இரண்டு துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். அம்மா பத்துப் பேருக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். ரேஞ்சுக்குப் பொறுப்பாயிருந்தவள் சாந்தினி, போலீஸில் என்னிடம் சுடக் கற்றுக்கொண்ட பெண், இப்போது இன்ஸ்பெக்டர். என்னைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் வைத்தாள். அந்த சல்யூட்டைத் திருப்பி வைக்கக் கையைத் தூக்கவே யோசித்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள். பாயோ, குண்டுக்குப் பூசும் கொழுப்பைத் தம் கடை ஆட்டுக் கொழுப்பிலேயே தேன்மெழுகு கலந்து காய்ச்சிக்கொண்டு வந்திருந்தார். டப்பாவைத் திறந்ததும் குருமா வாசம். எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டன. வெடிச் சத்தம் கேட்டதும் ஓடும், புகை அடங்கியதும் திரும்பி வரும், நாள் முழுக்க இதே வேலை.

பழகிப் பார்க்க ஆளுக்கு மூன்று குண்டு. பாய் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, வெள்ளைக் காகிதத்தைக் குறிவைத்தார். மூன்றும் வட்டத்தின் நடுவில் போய் விழுந்தன. "இது ஒசரத்துலதான் அடிக்கும் தர்மா, அந்தக் காலத்துல தூரத்துக்குன்னு செஞ்சது. கீழ பாத்துச் சுடணும்," என்று அவரே எனக்கு விளக்கவும் செய்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

போட்டியில் நான்தான் முதலில். ரேஞ்சில் தந்த பிஸ்டல் புத்தம் புதிது, வழுக்கிக்கொண்டு வேலை செய்கிற சாமான். அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐந்து குண்டும் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்தன. இடது கையால் வலது கையை நெருக்கிப் பிடித்துத்தான் சுட்டேன், ஆனாலும் குழலின் முனை கொசுவை விரட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. பின்னால் அம்மா உனக்கு நேர்முக வர்ணனை அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் பிஸ்டலைக் கீழே வைத்ததும் பாய் தன் முதல் குண்டைச் சுட்டார். அதுதான் உனக்குக் கேட்ட பீரங்கி. ஒரு பாக நெருப்பு, பத்து பாகப் புகை. பாயைக் காணோம், என்னைக் காணோம், மலையையே காணோம். ஒவ்வொரு குண்டுக்கும் புகை கலையக் காத்திருந்து, அவர் ஐந்தையும் சுட்டு முடிப்பதற்குள் புளிச்சாதத்தில் பாதி தீர்ந்துவிட்டது.

சாந்தினி காகிதங்களைக் கொண்டுவந்து விரித்தாள். எனக்கு ஒரு ஒன்பது, ஒரு ஏழு, ஒரு ஆறு, ஒரு ஐந்து. ஐந்தாவது குண்டு காகிதத்திலேயே இல்லை. மொத்தம் இருபத்தேழு. பாய்க்கு இரண்டும் மூன்றுமாகப் பதின்மூன்று. "சார் ஜெயிச்சிட்டாரு!" என்றாள். பெர்த்காரர்கள் கைதட்டினார்கள். பாய் முகமெல்லாம் கரியோடு, "நீ சொன்னது சரிதான் தர்மா, பழசு பழசுதான்லா," என்று என் தோளைத் தட்டினார்.

நான் அவருடைய காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஓட்டைகளும் வட்டத்தின் நடுவுக்கு ஒரு சாண் மேலே, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தன. ஒரு தே கிளாஸைக் கவிழ்த்தால் ஐந்தையும் மூடிவிடலாம். என்னுடையவை அம்மை போட்ட மாதிரி காகிதம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. முப்பது வருடம் ரெக்ரூட்டுகளுக்கு நான் சொன்னது இது ஒன்றுதான்: ஓட்டைகள் ஒரே இடத்தில் இருந்தால் கை நல்ல கை, குறியை மட்டும் நகர்த்து, சிதறியிருந்தால் குறியைத் தொடாதே, கையைப் பார். சாந்தினிக்கும் இது தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு மார்க்கு எழுதினாள்.

பாயைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனேன். "பழகுனப்ப கீழ பாத்துச் சுட்டு நடுவுல போட்டீங்க. போட்டியில மட்டும் நேரா பாத்துச் சுட்டிருக்கீங்க. ஏன் பாய்?"

"பொக கண்ணுல பட்டுச்சு."

"அஞ்சு தடவையுமா?"

அவர் முகம் கழுவ ஆரம்பித்தார். கழுவினார், கழுவினார், கரி போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஜெயிச்சு ஒன்னய டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போணும்னுதான் வந்தேன். ஒன் கைய பாத்தேன். பின்னால சோறு கட்டிட்டு வந்த தங்கச்சி நிக்கிது, நீ பழக்கின புள்ள நிக்கிது. அதுங்க முன்னால ஒன்னய எப்படிடா தோக்கடிக்கிறது?"

ஜெயித்தவன் நான்தானே, கேட்கும் உரிமை எனக்குத்தானே. கேட்டேன். "ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் காடி ஓட்டணும். வியாழக்கிழமை. பேச்சு மாறக்கூடாது." பாய் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவைக் கடிந்துகொண்டேன், ஒரு புகைக்குப் பயந்து பிள்ளையை இப்படிப் பயமுறுத்தலாமா என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "பொகைக்கு யாருங்க பயந்தா? பொக அப்பறம்தான வந்துச்சு. ஒங்க கை ஆடுனத பாத்துதான் கத்துனேன்." லகாட் வரும்வரை பாய் காடியில் எப்போதும் ஓடும் ரேடியோகூட ஓடவில்லை.

வியாழக்கிழமை போய் வந்தோம். பேரன் வயதில் ஒரு டாக்டர். விரலை மடக்கு, நீட்டு, நட, திரும்பு, நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி வரை என்றார். வரைந்தேன். நத்தை கொஞ்சம் அடிபட்ட நத்தை. மாத்திரை கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் பதினான்காம் தேதி பெரிய டாக்டரைப் பார்க்க எழுதித் தந்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. நீ லீவுக்கு எழுதிப்போட்டிருப்பதாக உன் தலைமையாசிரியர் வழியாகத் தகவல் வந்தது. அதை உடனே திரும்ப வாங்கிக்கொள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். விமானம், பஸ் என்று மாறி மாறி அலைய வேண்டாம். எனக்கு அம்மா இருக்கிறாள், பாய் இருக்கிறார், நானும் திடமாகத்தான் இருக்கிறேன்.

அம்மாவின் முத்தங்களும், பாய் மாமாவின் துஆவும், வீரம்மா அக்காவின் விசாரிப்பும் இத்துடன். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ்ந்து, நூறு பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
தர்மேந்திரன்.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். சனிக்கிழமை தொடங்கிய கடிதத்தை இந்தக் கையால் எழுதி முடிக்க ஐந்து நாள் ஆனது. பெரிய டாக்டர் கேட்கும்போது நான் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அம்மா அழுவாள், பாய் முகம் கழுவப் போய்விடுவார். உண்மையைச் சொல்ல அந்த அறையில் ஒருத்தி வேண்டும். லீவைத் திரும்ப வாங்காதே. வந்துவிடு, கண்ணு.