கிளேருக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகை வைத்தால் 'பார்க்கலாம்ங்க' என்பார்கள். வரமாட்டார்கள் என்று பத்திரிகை வைத்தவருக்கும் தெரியும். தையல்காரர் 'நாளைக்கு வந்து பாருங்க' என்றால் துணியில் இன்னும் கத்தரியே படவில்லை என்று பொருள். விருத்தாசலத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வந்துவிடும். வெளியாட்களுக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நான் ஒருத்திக்குச் சொல்லித் தந்தேன். நன்றாகவே சொல்லித் தந்துவிட்டேன், அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் பெயர் கிளேர். தமிழ் படிக்கப் பாண்டிச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரி. அங்கே அவள் தமிழில் வழி கேட்டால் ஆட்டோக்காரர் பிரெஞ்சில் பதில் சொல்கிறாராம். இப்படியே போனால் உருப்பட முடியாது, தமிழைத் தவிர வேறொன்றும் பேசாத வீட்டில் போய் இரு என்று அவளுடைய வாத்தியார் சொல்லிவிட்டார். அந்த வாத்தியார் அப்பாவின் பள்ளிக்கூட நண்பர். வேறொன்றும் பேசத் தெரியாத குடும்பம் என்றதும் எங்கள் நினைவு வந்ததாம் (இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்).

அம்மாவின் வாயில் கிளேர் என்ற பெயர் நுழையவில்லை. முதல் நாளே 'கிளி' ஆக்கிவிட்டாள். எங்களுடன் சாப்பிட்டு, எங்களுடன் தூங்கி, எங்களுடன் பஸ்ஸில் இடிபட்டு, கிளி வெகு வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டது. ஒரு மாதத்தில் 'வூட்டுக்குப் போயிட்டு வரேங்க' என்று பாண்டிச்சேரி வாத்தியாரிடம் போனில் சொல்ல, அவர் 'வீடு, வீடு' என்று திருத்தியிருக்கிறார். 'இல்லிங்க, இங்க எல்லாருக்கும் வூடுதான்' என்று இவள் அவரைத் திருத்தினாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாணவி அல்லவா!

அவள் வந்த புதிதில் பெண்ணாடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் உள்ளே போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். போவேன் என்றேன். நான் செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் செய்கிற கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொன்றும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அதிகாரத்தை யார் விடுவார்கள்? அவர்கள் சிரித்த முகத்துடன், "வூட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோங்க" என்று கிளம்பினார்கள்.

கிளேர் ஆவலாகக் கேட்டாள். "எப்ப சொல்லுவாங்க?"

"சொல்லவே மாட்டாங்கடி கிளி. அதான் வேணாம்னுட்டுப் போயிட்டாங்களே" என்றாள் அம்மா.

"எப்ப சொன்னாங்க? நான் கேக்கலியே!"

அன்று மாலை முழுவதும் அவளுக்குப் பாடம் நடத்தினேன். இந்த ஊரில் முகத்துக்கு நேராக மறுப்பது அவமரியாதை. அதனால் 'பார்க்கலாம்' என்றால் வேணாம், 'சொல்லி அனுப்புறோம்' என்றாலும் வேணாம்தான். கிளேர் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள். மறுநாளே கடைத்தெருவில் பூக்காரம்மாவிடம் 'பார்க்கலாம்ங்க' என்று சொல்லி ஜம்மென்று கடந்து போனாள். தமிழ்நாட்டிலேயே சிறந்த ஆசிரியை நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சேத்தியாத்தோப்பில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த குமரவேல் என்பவர், உடைந்த ஃபியூஸ்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் கம்பெனிக்குச் சண்டை போட வந்தார்.

"என்னாங்க இது, கையில எடுத்தாலே ரெண்டா போவுது?"

"நீங்க ஸ்க்ரூவ முறுக்குற முறுக்குக்கு இரும்பே ரெண்டா போவுங்க" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு பையோடு வந்தார். இன்னொரு சண்டை. அதற்கடுத்த முறை வந்தபோது பையில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு முழு ஃபியூஸை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது நல்லாருக்குதுங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாராவது சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வருவார்களா? அன்று சரியாக இருந்த சரக்கில் பாதியை நான் உடைசல் பக்கம் தள்ளிவிட்டேன்.

சீக்கிரமே சேத்தியாத்தோப்பு ஜாதகம் ஒன்றோடு தரகர் வந்தார். எனக்கு ஒன்றும் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டேன். பெண்ணும் பையனும் ஏற்கெனவே பேசிக்கொண்டவர்கள் என்று வெளியே தெரிந்தால் ஜாதகத்தோடு சேர்த்துத் தரகரையும் அப்பா வெளியே அனுப்பிவிடுவார். எனக்கோ இந்த இடம் வேண்டும். இந்த ஆள் வேண்டும். தரகர் வேறு தன் பங்குக்கு, 'இதான் பொண்ண மொதமொதல்ல காட்டுற இடம்' என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவர்கள் வந்த அன்று கரண்ட் இல்லை. பட்டுப்புடவையில் நான் வெந்துகொண்டிருந்தேன். குமரவேல், அவருடைய அம்மா, வெள்ளை வேட்டியில் முறுக்கு மீசையோடு அவருடைய தாய்மாமன். கிளேரை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. ஆனால் வெள்ளைக்காரப் பெண் இருக்கிற வீடு என்று கேள்விப்பட்ட ஆர்வத்தில்தான் வந்திருந்தார் மாமன். "எங்கங்க அந்தப் புள்ள? தமிழ் பேசுமாமே!" என்று கேட்டு அவளை வரவழைத்துவிட்டார். பிறகு பெண் பார்த்ததெல்லாம் அவளைத்தான். எந்த ஊரு, சோறு புடிக்குதா, காரம் தாங்குதா என்று கேள்விமேல் கேள்வி. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த என்னைக் குமரவேல் ஒருவர்தான் பார்த்தார். அவரும் ஒன்றும் தெரியாதது போலத்தான் பார்த்தார்.

காப்பி முடிந்தது. குமரவேலின் அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், அக்காவும் கூடவே எழுந்தார்.

"அப்ப கிளம்புறோங்க. வூட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்."

அதே வார்த்தை. அப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். எல்லாம் முறைப்படி, மரியாதையாக முடிந்துகொண்டிருந்தது. அப்போது காலி டம்ளர்த் தட்டோடு வாசற்படி அருகே நின்ற என் மாணவி கேட்டாள்.

"அப்ப வேணாமா?"

மாமன் திரும்பினார். "யாரும்மா வேணாம்னா?"

"நீங்கதாங்க. இப்ப சொன்னீங்களே."

அம்மா அவள் கையைக் கிள்ளினாள். கிள்ளுவதற்கு என்ன பொருள் என்று நான் சொல்லித் தந்திருக்கவில்லை. கிளேர் அம்மாவிடம் திரும்பி, "என்னாம்மா, பெண்ணாடத்துக்காரங்களும் இதானே சொன்னாங்க? அப்புறம் வரவே இல்லியே!" என்றாள்.

கூடத்தில் மின்விசிறிகூட ஓடவில்லை. ஓடியிருந்தால் அதன் சத்தத்திலாவது ஒளிந்துகொண்டிருப்போம்.

குமரவேலின் அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "பெண்ணாடத்துலேர்ந்து வந்து பாத்தாங்களா? இதான் மொத எடம்னு தரகர் சொன்னாரே?"

அப்பாவுக்கு வியர்வை காதோரம் இறங்கியது. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற பீங்கான் சூளையில் வேலை பார்த்து, அதற்கு முன்னால் காலமெல்லாம் நின்ற மனுஷர் அவர். அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. பாவம், அவரை அந்த நிலையில் பார்த்தபோது எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றுதான் இருந்தது.

தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று கிளேருக்குப் புரிந்துவிட்டது. ஒட்டவைக்கப் பார்த்தாள். "பொண்ணு மேல தப்பு இல்லிங்க. அவங்க வேலைக்குப் போவக்கூடாதுன்னாங்க. இவங்க போவேன்னாங்க. அவ்ளோதான்."

"ஓகோ!" என்றார் மாமன். மீசை மேலே போயிற்று.

"சும்மா இரு" என்று தம்பியை அதட்டிவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. ஒனக்கு எங்க புள்ளயப் புடிச்சிருக்குதா?"

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணையும் யாரும் நேருக்கு நேர் இப்படிக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கமும் இல்லை. உடனே 'புடிச்சிருக்குது' என்றால் வெட்கங்கெட்டவள். தலையை இன்னும் கீழே குனிந்து, ஊர் வழக்கப்படி, அடக்கமாக, மெதுவாகச் சொன்னேன்:

"பார்க்கலாம்ங்க."

"வேணாமாம்" என்றாள் கிளேர், சோகமாக.

குமரவேல் எழுந்து நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. சண்டை போட வந்த நாட்களில்கூட அது அப்படி வெளுத்ததில்லை. செருப்பைத் தேடி வாசல் பக்கம் திரும்பினார். இன்னொரு அடி எடுத்து வைத்தால் அந்த முதுகு தெருவில் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். அடக்கம், வழக்கம், பட்டுப்புடவை எல்லாம் பறந்தது.

"வேணும்னுதாங்க சொன்னேன்!" என்று கத்தினேன். "அவரு நல்ல பியூஸக் கொண்டாந்து காட்டுன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வேலய மட்டும் உட மாட்டேன்!"

(பக்கத்து வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அது நின்றதைத்தான் முதலில் கேட்டேன். நான் சொன்னது அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது.)

அப்பா என்னைப் பார்த்தார். மாமன் மருமகனைப் பார்த்தார். "என்னாடா பியூஸு?"

குமரவேல் ஒரு காலில் செருப்போடு நின்றார். "ரெண்டு மூணு தடவ போனேன் மாமா. சரக்குப் பாக்க."

"சரக்கு பாக்கவா!"

குமரவேலின் அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார், பிறகு என்னை. புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, எழுந்த நாற்காலியிலேயே நிதானமாக மறுபடியும் உட்கார்ந்தார்.

"வேலைக்குப் போற எடத்துக்கே போயித்தான பாத்துட்டு வந்திருக்குறான்? அப்ப வேலயும் சேத்துதான் புடிச்சிருக்கும்" என்றார். பிறகு அம்மாவிடம், "இன்னொரு காப்பி குடுங்க. கொஞ்சம் தூக்கலா சக்கர போடுங்க" என்றார்.

அம்மா அடுப்படிக்கு ஓடினாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளேருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டாள். "இது என்னா? யாரும் ஒண்ணும் சொல்லல. காப்பிதான கேட்டாங்க?"

"அதாண்டி சரின்னு அர்த்தம்" என்றேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்ற சொல்லை யாரும் நிம்மதியாகச் சொல்ல முடிவதில்லை. சினிமாவுக்குப் போகலாமா என்று கணவர் கேட்டு நான் 'பார்க்கலாம்' என்றால், அவர் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு சோகமாக வாசலில் போய் நிற்பார். கிளேரை நேரில் பார்த்தே இராத என் மகள், அவளுடைய உச்சரிப்பிலேயே "வேணாமாம்!" என்று கூவுவாள். சொல்லிக் கொடுத்தது அப்பனும் பாட்டனும்.

போன மாதம் கிளேரைப் போனில் கூப்பிட்டேன். ஊருக்குத் திரும்பிப் போனவள் இதுவரை வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு காரணம். "இந்தப் பொங்கலுக்காவது வூட்டுக்கு வா கிளி. அம்மா ஒன்னயே கேட்டுகிட்டு இருக்குது" என்றேன். அச்சு அசல் எங்கள் தெருக் குரலில், இழுத்து, மரியாதையாகச் சொன்னாள்:

"பார்க்கலாம்ங்க."

என்னிடமே சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அதற்குள் என் மகள் போனுக்கருகில் வாயைக் கொண்டுவந்து "வேணாமாம்!" என்று கத்திவிட்டாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிளேர் சொன்னாள்:

"அம்மாவ இன்னொரு காப்பி போட்டு வக்கச் சொல்லுங்க."