யாரையும் நம்பாத ஜாமீன் அக்கா

திருச்சி மாவட்டத்திலேயே யாரையும் நம்பாத ஆள் என்றால் அது ஜாமீன் அக்காதான். அவருடைய வேலையோ, இன்னாரை நம்பலாம் என்று எழுதிக் கொடுப்பது.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர். கொட்டை எழுத்தில் ஸ்ரீரங்கம் என்று போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறும் முன், “ஸ்ரீரங்கம் போகுமா?” என்று கண்டக்டரைக் கேட்பார், டிரைவரைக் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம், “நீங்க எங்கங்க போறீங்க?” என்று இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்வார்.

எங்கள் அலுவலகம் ஸ்ரீரங்கத்தில், ஒரு மெடிக்கலுக்கு மேல் மாடி. அமெரிக்காவில் சில மாநிலங்களில் கஞ்சா விற்க லைசென்ஸ் தருகிறார்கள். ஆனால், கடைக்காரர் அரசுக்கு நஷ்டம் ஏற்படுத்தினால் நாங்கள் பொறுப்பு என்று ஒரு கம்பெனி பத்திரம் எழுதித் தர வேண்டும். பேச்சுவாக்கில் நாங்கள் அதை ஜாமீன் என்போம். அந்த ஜாமீன் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. அங்கே மாநிலச் சட்டம் சரி என்கிறது, மத்தியச் சட்டம் கூடாது என்கிறது. எனக்குத் தலை சுற்றியது.

“கஞ்சா குத்தமாக்கா, இல்லையாக்கா?”

“அதை விடுடா. ஆளு எப்படின்னு பாரு.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். ஜீயபுரத்தில் வாழைத்தோட்ட வேலை பார்க்கும் அம்மாவுக்கு நானே விளக்கினேன்.

“கஞ்சாக் கடைக்காரங்களுக்கு ஜாமீன் வாங்கித் தர்ற வேலைம்மா.”

“போலீஸ் புடிச்சிருச்சா அவங்களை?”

“இல்லம்மா, லைசென்ஸோட விக்கிறாங்க.”

“அப்புறம் எதுக்குடா ஜாமீன்?”

அதற்குப் பதில் எனக்கு இன்றும் பாதிதான் தெரியும்.

விண்ணப்பத்தின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதைக் காலியாக விடுவோம். அக்கா விட்டதே இல்லை. ‘போட்டோவில் சட்டைப் பித்தான் மாறியிருக்கிறது. இவர் கணக்கு வைப்பாரா?’ ‘மூன்று வருடத்தில் நான்கு வீடு மாறியது ஏன்?’ எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி அமெரிக்காவுக்கே அனுப்பிவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் அங்கே ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டார். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் கடையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பங்குதாரரான தம்பி என்றார் அவர். தம்பியோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்றார் அக்கா. அவர் போனை வைத்துவிட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். “ஏம்மா, அவா ஆத்து விஷயமெல்லாம் நமக்கெதுக்கு?”

“பங்குதாரருங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்ல சார்? பேசிக்காதவன் எப்படிப் போடுவான்?”

பிறகு விசாரித்தால், நிஜமாகவே தம்பி முந்தின மாதமே பங்கிலிருந்து விலகிப் போயிருந்தார். மேனேஜர் தன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மாதம் கழித்து என் வேலை நிரந்தரமாகும் கட்டம் வந்தது. என் நடத்தைக்கு உறவினர் அல்லாத இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் வேலை இல்லை. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவருக்கு எங்கே போவேன்? ஜீயபுரத்தில் எனக்குத் தெரிந்த எல்லோருமே மாமா, சித்தப்பா. வேறு வழியில்லாமல் அக்காவிடம் நீட்டினேன்.

“பார்ப்போம்,” என்று வாங்கிக்கொண்டார். அந்தப் படிவத்தின் கடைசியிலும் ‘குறிப்பு’ கட்டம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் துறையூரில் ஒரு கல்யாணத்தில் இருந்த நேரம், அக்கா பஸ்ஸை நம்பாமல் ஸ்கூட்டியிலேயே ஜீயபுரம் போய் எங்கள் வீட்டில் இறங்கிவிட்டார்.

“உங்க பையன் யாரையாச்சும் ஏமாத்தியிருக்கானாம்மா?”

அம்மா, வந்திருப்பது போலீஸ் என்றே முடிவுகட்டிவிட்டார்.

“எம்புள்ள கஞ்சாவைக் கண்ணால பார்த்தது கூட இல்லீங்க! எல்லாம் கம்ப்யூட்டர்லதாங்க!”

போலீஸ் இல்லை என்று அக்கா சொல்லவும் இல்லையாம். வாழைப்பூ வடை நான்கைச் சாப்பிட்டுவிட்டு, தெருவில் மூன்று வீடுகளில் விசாரித்துவிட்டுப் போனாராம். அம்மா அன்றைக்கே குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை வரை படிவம் அக்கா பையிலேயே இருந்தது. சாயங்காலம் படிவத்தை என் மேஜையில் வைத்தார்.

“உங்கம்மா நல்லா பயப்படுறாங்க. வடையில உப்பு கம்மி,” என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று வாட்ச்மேனிடம் விசாரிக்கப் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்து இருந்தது. ‘குறிப்பு’ கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

அந்தக் காலிக் கட்டத்தின் ஜெராக்ஸ் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.