பாட்டு டீச்சரும் டெம்போ மேப்பும்

மூன்றாவது வரி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நாலாவது வரியில் டிரம்ஸ் முன்னே ஓட, பாட்டு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

ஒலிப்பதிவாளர் இரண்டையும் நிறுத்தினார். எட்டுத் தடம் கொண்ட டேப் ரெக்கார்டரில் பாட்டு. எழுதிக்கொடுத்ததைத் தானே வாசிக்கும் கம்ப்யூட்டர் சீக்வென்சரில் அவரே எழுதிய டிரம்ஸ். சனிக்கிழமை பள்ளி விழாவில் அறுபது பிள்ளைகள் இதற்கு ஆட வேண்டும். ஒரு தடத்தை நேரக்குறிக்கு ஒதுக்கியிருந்தால் இரண்டு மெஷினும் கைகோத்துப் போயிருக்கும். எட்டிலும் குரலை நிரப்பிவிட்டதால், இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் கையால் அமுக்கித்தான் ஓடவிட வேண்டியிருந்தது.

ஆனாலும் தப்பு தன்மேல் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பாடியது மனைவியின் அக்கா, பாட்டு டீச்சர். போனை எடுத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தாளம் கொஞ்சம் ஆடுது."

"என் தாளமா?"

"சுருதியும் அங்கங்க லேசா..."

இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் தாளம் சொல்லிக்கொடுத்தவர் போனை வைத்துவிட்டார். ஐந்தாவது நிமிடம் மனைவி வந்து காபியை வைத்த வேகத்தில் பாதி காபி மேஜைக்குப் போயிற்று.

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன்."

"இதுக்குத்தான் எங்க வீட்டு விசேஷத்துல உங்ககிட்ட யாரும் மைக்கைக் குடுக்கறதில்ல."

அவர் டெம்போ மேப்பில் இறங்கினார். பாட்டு எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே இழுக்கிறது என்று சீக்வென்சருக்கு வழி சொல்லும் கணக்கு அது. பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் விரலால் விசையைத் தட்டினார். திரையில் தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, நூற்றொன்று என்று எண்கள் ஏறி இறங்கின.

"மனுஷன் பாடற பாட்டா இது? மலையேறி இறங்கற மாதிரி இருக்கு" என்றார்.

ஒருமுறை போட்டுப் பார்த்தார். கச்சிதம்! மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாக மறுபடி போட்டார். டிரம்ஸ் நொண்டியது.

"பொத்தான் அமுக்கினதுல பிசகு. ஒண்ணை நீ அமுக்கு. மூணு சொன்னதும்."

"மூணு சொல்லும்போதா, சொல்லி முடிச்சப்பறமா?"

அந்தத் தகராறிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. தீர்ந்த பிறகும் டிரம்ஸ் நொண்டியது, இந்தத் தடவை வேறு இடத்தில். அவர் மேப்பை அரைத் தட்டுக்கு ஒரு புள்ளியாக நெருக்கினார். நானூறு புள்ளிகள். இப்போது டிரம்ஸ், மாடிப்படியில் உருளும் குடம் மாதிரி கேட்டது.

"உங்க அக்கா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பாடறாங்க!"

"டேப்ல பதிஞ்ச பாட்டு எப்படிங்க தடவைக்குத் தடவை மாறும்?"

"அதான் எனக்கும் புரியல. எப்பேர்ப்பட்ட தாளம் பாரு."

வெள்ளிக்கிழமை பாட்டு டீச்சரே வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, நீங்க சொன்னதுலேருந்து எனக்கே பயமாயிடுச்சு. கிளாஸ்ல வாயைத் திறக்கவே முடியல. பாட்டு கிளாஸை வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே பூகோளம் எடுக்கறேன். மலையும் ஆறுமாவது தாளம் தப்பாது."

ஒலிப்பதிவாளருக்கு மனம் இளகிவிட்டது. ஜெயித்தவருக்கு இரக்கம் சுலபம்.

"வருத்தப்படாதீங்கக்கா. வயசானா யாருக்கும் வர்றதுதான். எங்க தப்பு பண்றீங்கன்னு நானே காட்டறேன், கேளுங்க."

பாட்டை ஓடவிட்டார். டீச்சர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒலிப்பதிவாளர் பென்சிலால் மேஜையைத் தட்டி, "இதோ... இதோ..." என்றார்.

திறந்திருந்த கதவருகே, கையில் சின்னப் பொட்டலத்தோடு மெஷின் ரிப்பேர்க்காரர் வந்து நின்றார். சுழலும் டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயையோ, என்ன சார் இது! டேப்பைச் சுத்தற பெல்ட் வழுக்கி வேகம் ஏறி எறங்குது, புதுசு மாட்டற வரைக்கும் இதுல ஒரு வரிகூடப் பதியாதீங்கன்னு மெஷின் பின்னாடி சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போனேனே, பாக்கலையா?"