மாப்பிள்ளைக்கு ஒரு இருபடிக் கோவை

"நான் கணக்குல புலின்னு உங்கள யாரு சித்தப்பா சொல்லச் சொன்னது?" காரில் ஏறியதும் ஏறாததுமாகப் பாய்ந்தான் செபுன்யா.

சித்தப்பா முவாங்கா அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் அவர். அவர்கள் ஊரான மசாக்காவில் பேச்சாளர் இல்லாமல் யாரும் பெண் கேட்கப் போவதில்லை. பேச்சாளர் என்று போனால் கொஞ்சம் அளந்துவிடாமல் வருவதுமில்லை.

"பொண்ணோட அத்தை, 'எங்க அண்ணன் ஹெட்மாஸ்டரா இருந்தவரு'ன்னு வாய் ஓயாம சொல்றாங்க. நான் சும்மா இருக்க முடியுமா? இருபடிக் கோவைய எங்க பையன் நிலக்கடலை மாதிரி உடைப்பான்னேன். பைக் டயருக்கு ஒட்டுப் போடுறவன்னு மட்டும் சொல்லிட்டு வரச் சொல்றியா?"

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க? சடங்கு அன்னிக்கு அண்ணனே பந்தல்ல ஒரு கணக்கு கேப்பாராம்!"

இருபடிக் கோவை வந்த வருஷம்தான் செபுன்யா பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டான். பேச்சாளர் பொய்யில் மாட்டினால் ஒரு ஆட்டை அபராதமாகக் கட்டித் தப்பிக்கலாம். மாப்பிள்ளையே பொய் என்று தெரிந்தால் அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் நலூலேவை மறந்துவிட வேண்டியதுதான். அது அவனால் ஆகாது.

"விடு, நான் சரி பண்றேன்" என்று முவாங்கா அங்கேயே அத்தைக்குப் போன் போட்டார். "அம்மா, பையன் ரொம்ப அடக்கம். கூட்டத்துல சின்னக் கணக்கெல்லாம் கேட்டா சங்கடப்படுவான். அதனால..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது. பெருசாவே கேக்கச் சொல்றேன்!" என்று அத்தை போனை வைத்துவிட்டாள்.

செபுன்யா நலூலேவைப் போனில் பிடித்தான். "உங்கப்பாகிட்ட சொல்லி நிறுத்தேன். எனக்குக் கூட்டத்துல பேசக் கூச்சம்னு சொல்லு."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "சொன்னேன். 'பேச வேண்டாம், எழுதட்டும்'னுட்டாரு. இப்ப கரும்பலகைக்குப் பெயின்ட் அடிச்சுட்டு இருக்காரு."

"உண்மையச் சொல்லிடட்டுமா?"

"தாராளமா சொல்லு. எங்க அத்தை என்னை முன்னாடி பொண்ணு கேட்டு வந்த அந்த மீன் வியாபாரிக்குக் கட்டி வெச்சிருவாங்க. அவன் எதுவுமே அளந்துவிடலையாம்."

இனி ஒரே வழிதான் பாக்கி இருந்தது. கணக்கைக் கற்றுக்கொள்வது!

பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்கு டீச்சர் நபோசா. இவனைவிடச் சின்னவள். அவளுடைய பழைய பைக்குக்கு ஆயுசுக்கும் பஞ்சர் ஒட்டித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்தபின், தினமும் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்து பாடம் எடுத்தாள்.

"x² + 5x + 6. பெருக்குனா ஆறு, கூட்டுனா அஞ்சு. எந்த ரெண்டு எண்?"

"ஒண்ணும் ஆறும்."

"கூட்டுனா ஏழு வருதே."

"ரெண்டுதானே கூட இருக்கு? கொஞ்சம் அனுசரிச்சுக்கக் கூடாதா டீச்சர்?"

"இது பேரம் இல்ல, கணக்கு!"

அடுத்த நாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாள், ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று "ரெண்டும் மூணும்!" என்று போட்ட கூச்சலில் வாடிக்கையாளர் வெளியே ஓடிவிட்டார். பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. எதிரே போகிற வண்டியின் நம்பருக்கெல்லாம் ஜோடி தேடினான். இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம் என்று அவனுக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வந்தன.

சடங்கு நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை அங்கியும் கோட்டுமாக ஒரு பந்தலில், பெண் வீட்டார் எதிர்ப் பந்தலில். நடுவில் பளபளவென்று கரும்பலகை. நலூலேவின் அப்பா முத்யாபா எழுந்து வந்து, சாக்பீஸை அழுத்திப் பிடித்து எழுதினார்.

x² − x − 12

இரண்டு கழித்தல் குறி! முவாங்கா கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனையில் இறங்கினார். செபுன்யா சாக்பீஸை வாங்கினான். மூன்றும் நான்கும் சரி, ஆனால் எதற்குக் கழித்தல்? மூன்றுக்குப் போட்டுப் பார்த்தான். கூட்டினால் கழித்தல் ஒன்றுக்குப் பதில் வெறும் ஒன்று வந்தது. அழித்தான். நான்குக்குப் போட்டான்.

(x − 4)(x + 3)

அதோடு விடவில்லை. பெருக்கிக் காட்டி, பழைய கோவையையே திரும்ப வரவழைத்துவிட்டுத்தான் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

முத்யாபா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். நலூலே நகத்தைக் கடித்தாள்.

"சரி!" என்று முழங்கினார் முத்யாபா.

இரண்டு பந்தல்களிலும் குலவை கிளம்பியது. மேளம் அதிர்ந்தது. "நான் சொன்னேனா இல்லையா!" என்று முவாங்கா துள்ளினார். நலூலே எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். செபுன்யாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

"மாமா, இன்னொண்ணு கொடுங்க!"

"போதும் மாப்பிள்ளை, போதும்! சாப்பாடு ஆறிடும்!" என்று அவசரமாகப் பலகையை அழித்தார் மாமனார்.

பந்தியில் பார்த்தால், பெண் வீட்டார் வரிசையில் உட்கார்ந்து நபோசா டீச்சர் வாழைக்காய் மசியலை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க எப்படி இந்தப் பக்கம்?"

நபோசா அவன் காதருகே குனிந்தாள். "தினம் உங்க பாடம் முடிஞ்சதும் உங்க மாமனாருக்குத்தான் பாடம் எடுக்கப் போவேன், அவருக்கு இன்னும் கழித்தல் குறி பிடிபடல, நான் இங்கிருந்து தலையாட்டின பிறகுதான் 'சரி'ன்னாரு."