மலையில் ரிவர்ஸ் போன மனிதர்

மொன்றியல் தமிழரில் பனிச்சறுக்கத் தெரிந்தவர்கள் இப்போது எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் சறுக்கி இறங்கிய தூரத்தைவிட நடந்து ஏறிய தூரம் அதிகமாக உள்ள பந்தய வீரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கல்லூரி ஸ்கீ அணியில் இருந்தார். அவரை ரிவர்ஸ் அண்ணை என்போம்.

தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. ஊரிலிருந்து வந்து பிரெஞ்சு வகுப்பிலேயே சில வருடங்கள் போனதால் எங்களைவிட மூத்தவர், அதனால் அண்ணை. ரிவர்ஸ் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மலைச்சரிவுப் பந்தயத்தில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் சரியான பக்கத்தால் சுற்றி இறங்க வேண்டும். ஒரு கம்பத்தைத் தவறவிட்டால் ஓட்டம் செல்லாது. ஆனால் விரும்பினால் திரும்ப மேலே ஏறிப்போய், விட்ட கம்பத்தைச் சுற்றிவிட்டுத் தொடரலாம் என்று விதியில் இருக்கிறது. மானமுள்ள எந்த வீரனும் அப்படி விரும்புவதில்லை. கம்பத்தை விட்டவுடன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவான். எங்கள் அண்ணை மட்டும் நண்டு மாதிரி பக்கவாட்டில் அடிவைத்து, அந்தக் கனத்த பிளாஸ்டிக் சப்பாத்தோடு மலையேறத் தொடங்குவார். கீழே எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவருக்கு வெட்கம் அதிகம். பந்தய உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் எலும்பையெல்லாம் எண்ணலாம். அதைப் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நிற்க முடியாது என்று மேலே லுங்கி போல ஒரு சாரத்தைக் கட்டிக்கொள்வார். கட்டம் போட்ட சாரத்தோடு அவர் கம்பிவட நாற்காலியில் மலை உச்சிக்குப் போவதைப் பார்த்து, அது ஏதோ எங்கள் சமயச் சடங்கு என்று ஒரு நடுவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். உச்சியில் அதை அவிழ்த்து, நாலாக மடித்து, ஓட்டம் தொடங்கிவைப்பவர் கையில் கொடுப்பார். இறங்கும்போது இடித்த ஒவ்வொரு கம்பத்திடமும் “பார்தோன்” என்று மன்னிப்புக் கேட்பார். நிறைய மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

நான் அந்த அணிக்குப் போனது வீரத்தால் அல்ல. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்பு, அப்பா அதுவும் இல்லை. கல்லூரியில் எதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அணியில் சேர்ந்தால் ஸ்கீயும் சப்பாத்தும் இரவலாகத் தருகிறோம் என்றார்கள், சேர்ந்தேன். சமதரைக் காட்டுப்பாதையில் ஓடும் நோர்டிக் பக்கத்தில் என்னைப் போட்டார்கள். அணியின் நட்சத்திரம் மத்யூ. பிறந்தபோதே காலில் ஸ்கீ இருந்தது போலச் சறுக்குவான். அவன் குடும்பத்துக்கு மலையடிவாரத்திலேயே ஒரு வீடு இருந்தது. கோச் அவனோடு பேசும்போது மட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவார்.

ஒரு வார இறுதியில் இறுதிப் போட்டிக்கான தகுதிப் போட்டி வந்தது. சனி சரிவோட்டம், ஞாயிறு நோர்டிக். இரண்டு நாளும் ஒரு கல்லூரிக்கு மூன்று பேராவது எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடக்காவிட்டால் புள்ளி இல்லை, இறுதிப் போட்டியும் இல்லை.

சனிக்கிழமை எங்களில் இருவர் ஒழுங்காக இறங்கினார்கள். ஒருவன் ஓரத்துப் பாதுகாப்பு வலைக்குள் போய் விழுந்தான். மத்யூ பாதியில் கம்பத்தை விட்டுவிட்டு ஒதுங்கினான். கடைசி ஆளாக ரிவர்ஸ் அண்ணை புறப்பட்டு, சரிவோரம் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பக்கத்திலிருந்த கம்பத்தைத் தாண்டி நேரே போய்க் கவிழ்ந்தார். எழும்பினார். ஏறத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வர ஒருவரும் இல்லாததால் மேலே வேலையாட்கள் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது.

“அண்ணை, எல்லாரும் சாமான் கட்டுகினம். காணும், இறங்குங்கோ.”

மூச்சு வாங்க நின்று கேட்டார். “நான் விட்ட கம்பம் நிக்குதோ?”

“நிக்குது.”

“அப்ப ஓட்டம் முடியேல்லைத் தம்பி.”

கம்பம் பிடுங்க வந்தவரிடம், இதை மட்டும் ஒரு நிமிடம் விட்டுவைக்க முடியுமா என்று மிகவும் பணிவான பிரெஞ்சில் கேட்டார். கடனுக்குப் பால் கேட்பவர்கூட தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் அவ்வளவு பணிவாகக் கேட்கமாட்டார். அந்த ஆள் கம்பத்தைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை சுற்றி இறங்கிக் கோட்டைக் கடந்தபோது நேரம் காட்டும் பலகையை அணைத்துவிட்டிருந்தார்கள், அவருக்காகத் திரும்பப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நோர்டிக்குக்கும் ஆள் குறைந்தது. நான், இன்னொருவன், மூன்றாவதாக அவர். பின்னால் வேகமாக வருபவர் “பிஸ்த்” என்று கத்தினால் முன்னால் போகிறவர் தடத்தைவிட்டு விலக வேண்டும், அதுதான் வழக்கம். அண்ணை கத்துமுன்பே விலகி, கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெண் வீட்டுக்காரர் மாதிரிக் கைநீட்டி எல்லோரையும் அனுப்பிவைத்தார். கடைசியாக வந்தார். ஆனால் வந்தார். நாங்கள் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் மத்யூவே அவரைத் தோளில் தூக்கினான். தலை கூரையில் இடித்தது. கோச் எழுந்து, அணி என்றால் என்னவென்று இவரைப் பார்த்துப் படியுங்கள் என்று பேசினார்.

அண்ணைக்கு அந்தத் தகுதி வேறொரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. அவருடைய அப்பா ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை. சனி ஞாயிறு லீவு கேட்டறியாத மனிதர். மகன் வார இறுதியில் மலைக்குப் போவதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. “ஆரோ ஒரு பெட்டையைப் பாக்கப் போறாய், அதுக்கேன் பனியை இழுக்கிறாய்” என்பாராம். இறுதிப் போட்டி என்றதும் மனம் மாறி லீவு கேட்டுவிட்டார். மகன் ஓடுவதை அப்பா ஒருதரம் பார்க்க வேண்டும். அண்ணைக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சாமான் அறையில் நானும் அண்ணையும் ஸ்கீக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது கோச் வந்தார். இறுதிப் போட்டி சரிவோட்டம் மட்டும்தானாம், இடங்கள் குறைவாம், வேகம் வேண்டுமாம், அதற்கு மத்யூவும் மற்றவர்களும் போதுமாம். நீதான் இந்த அணியின் இதயம் என்று அண்ணையின் தோளில் தட்டினார். இதயத்தை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு. இதயத்துக்கும் ஒரு வேலை இருந்தது. வீரர்கள் உச்சியில் கழற்றும் ஜாக்கெட்டுகளைக் கீழே கொண்டுவர வேண்டும்.

நான் கோச்சிடம் கேட்டேன், இது நியாயமா என்று. நீ கோச் ஆகும்போது நீ முடிவெடு என்றார். எங்கள் வீட்டில் வாத்தியாரை எதிர்த்துப் பேசிய முதல் ஆளும் நான்தான். ஒன்றும் நடக்கவில்லை.

“அப்பாவை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோவன்” என்றேன்.

“லீவு எடுத்திட்டார். வரட்டும். மலையையாவது பாக்கட்டும்.”

வந்தார். கடன்வாங்கிய பனிச்சப்பாத்தும், காதுவரை இழுத்துவிட்ட தொப்பியுமாக எல்லைக்கோட்டருகே நின்றார். மகன் ஓடவில்லை என்பதை மகனே சொல்லியிருந்தார். அதற்குப் பதிலாகப் பந்தய விதிகளையெல்லாம் வழிநெடுக விளக்கிக்கொண்டு வந்திருக்கிறார் போல. அண்ணையின் கைகளில் ஜாக்கெட்டுக் குவியல், மேலே கண் மட்டும் தெரிந்தது.

எங்களில் ஒருவன் முன்பே விழுந்திருந்தான். இருவர் முடித்துவிட்டார்கள். புள்ளிக்கு வேண்டிய மூன்றாவது ஆள் மத்யூ. பறந்து வந்தான். எங்களுக்கு நேர் மேலே ஒரு கம்பத்தைத் தவறவிட்டான். நின்றான். ஏறு, ஏறு என்று கோச் தொண்டை கிழியக் கத்தினார். பத்து அடி ஏறினால் போதும். மத்யூ தலையை ஆட்டினான், கைத்தடியைப் பனியில் அடித்தான், ஓரமாகச் சறுக்கிப் போய்விட்டான். அணிக்குப் புள்ளி இல்லை.

அண்ணையின் அப்பாவுக்கு மட்டும் விளங்கவில்லை. “விட்டா ஏறலாமெண்டுதானே நீ சொன்னனீ. அந்தப் பெடியன் ஏன் ஏறேல்லை?”

குவியலுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “களைச்சிருக்கும், அப்பா.”

“நீ களைக்கிறேல்லையோ?”

அண்ணை குவியலிலிருந்து மத்யூவின் ஜாக்கெட்டைத் தேடியெடுத்து, அவன் கை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்துக்கொண்டு போனார். அவனும் திரும்பிப் பார்க்காமல் கையை விட்டான். நான் அந்த வருடத்தோடு அணியை விட்டுவிட்டேன்.

இப்போது அண்ணை நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் அடுக்குமாடிகளுக்கு ஜன்னல் கண்ணாடி மாற்றுகிறார். சந்திக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கதையைத் தொடங்குவேன். கேட்டு முடித்துவிட்டு, மத்யூ எப்படி இருக்கிறானாம் என்று விசாரிப்பார். அந்த மனிதருக்குக் கோபப்படத் தெரியாது. அவருடைய பங்கையும் நான்தான் வைத்திருக்கிறேன், பாரமாக இல்லை.