தலையில் கூழ்ப் பானை, சுவரில் கேமரா

குவாலிட்டியில் வேலை பார்க்கிற பெண்ணை மருமகளாக எடுக்காதீர்கள். தெரியாமல் எடுத்துவிட்டாலும் அவள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மருமகள் நான்தான்.

ஒரகடத்தில் ஒரு ரப்பர் கம்பெனி. கார் கதவின் ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டை தயாராகும் லைனில் நான் இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்து, இது ஓகே, இது ரிஜெக்ட் என்று பிரிப்பது என் பிழைப்பு. இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. என்னோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்துவிடும். மாமியார் சுட்ட தோசையில் ஓரத்துக்கும் நடுவுக்கும் கனம் ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டு (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்), அடுத்த ஒரு வாரம் நானே நின்று எல்லாருக்கும் தோசை சுட்டேன்.

வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளடங்கிய ஓர் ஊரில் எங்கள் வீடு. நான், என் கணவர் சேகர், மாமனார், மாமியார் என்று நாலு பேர். ஐந்தாவதாக மாமாவின் அலாரம். வீடு கட்டியபோதே மாட்டியது. வாசல் கதவு, பின்கதவு, ஜன்னல்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் ஒயர் கிளம்பி, சுவரோரமாக ஊர்ந்து, வாசல் பக்கத்தில் ஒரு பழுப்பேறிய பெட்டியில் போய்ச் சேரும். நாலு எண் அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் விழிக்கும். எலி ஒயரைக் கடித்தால் கத்தும். கரண்ட் போய் வந்தால் கத்தும். திருடன் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அலாரத்துக்குப் பயந்துதான் அவன் வரவில்லை என்பது மாமாவின் கட்சி.

அது கத்தினால் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடும். யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. மாமா கையில் தடியோடு அறை அறையாகப் போய்த் தேடி, பீரோவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்து, “ஒருத்தனும் இல்ல” என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் வெளியே போகலாம். எலி செய்த காரியத்துக்காக நான் எத்தனையோ நாள் கம்பெனி பஸ்ஸை விட்டிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் எலி என்று சொன்னால் நம்புவாரா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன ஆடியில் ஒரு சனிக்கிழமை புது ஸ்மார்ட் அலாரம் ஒன்றை வாங்கி வந்து நானே மாட்டினேன். ஒயரே கிடையாது. ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கிற ஒரு சின்ன டப்பா ஹாலில். பக்கத்தில் கேமரா, அதற்குள்ளேயே ஸ்பீக்கரும் மைக்கும். எல்லாவற்றையும் ஆட்டிவைக்க என் போனில் ஓர் ஆப்.

“ஒயரே இல்லியே, எப்பிடிம்மா கத்தும்?” என்றார் மாமா.

“வைஃபைல மாமா.”

“அத்த எலி கடிக்காதா?”

“கடிக்காது மாமா.”

“பழசு நல்லாத்தானே இருந்திச்சி” என்று பெட்டியைக் கழற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆப்பில் ஒரு வசதி. போன் வீட்டை விட்டு அரை கிலோமீட்டர் தாண்டிப் போனால், வீட்டில் ஆளில்லை என்று தானாகவே முடிவு செய்து காவலுக்கு உட்கார்ந்துவிடும். அடடா என்று அதை ஆன் செய்தேன். வீட்டில் இருக்கிற எல்லார் போனையும் சேர்க்கச் சொன்னது. மாமா, அத்தை இருவரிடமும் பட்டன் போன். என் கணவருடைய போனை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆக, ஆப்பின் கணக்குப்படி அந்த வீட்டில் குடியிருக்கும் ஒரே ஜீவன் நான்.

அலாரத்தை நிறுத்த ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் வைத்தேன். அந்த எண்ணையும் நிறுத்தும் முறையையும் எங்கள் லைனில் தொங்கும் வேலைமுறைத் தாள் மாதிரி, ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு என்று டைப் அடித்து, லேமினேட் செய்து, ஹால் சுவரில் ஒட்டினேன். ரகசிய எண்ணை எந்தப் பைத்தியக்காரியாவது சுவரில் ஒட்டுவாளா? ஒட்டினாள். நேராக ஒட்டியிருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தாள்.

கம்பெனியில் ஓர் அச்சை மாற்றினால்கூட டிரையல் பார்க்காமல் லைனை ஓட விடமாட்டேன். வீட்டில் டிரையல் பார்க்கவில்லை. மறுநாள் கூழ் ஊற்றுகிற வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது முதல் பானை ஒரு வீட்டிலிருந்து போகும். வருடத்துக்கு ஒரு வீடு என்று வரிசை. பதினாறு வருடம் கழித்து அந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வீட்டுப் பெரியவர் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டால் கோயில் வாசலில்தான் இறக்க வேண்டும், நடுவில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த வீட்டுப் பானை முதல் பானையாகிவிடும். நாம் இன்னொரு பதினாறு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். மாமாவுக்கு வயது எழுபத்தொன்று. “அடுத்த மொறைக்கு நான் இருக்கறனோ இன்னாவோ” என்று ஆனி மாதத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார். மீசைக்கு மை அடித்திருந்தார். எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

ஞாயிறு காலை, சூப்பர்வைசர் போன். ஒரு லாட் பட்டை சந்தேகமாக இருக்கிறதாம், லாரி நிற்கிறதாம், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கிளம்புமாம். ஒரு மணி நேரம்தான் என்று கெஞ்சினார். வீட்டில் எல்லாரும் பின்பக்கம் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் போட்ட மாக்கோலம் காயட்டும் என்று உள்ளே யாரும் கால் வைக்கவில்லை. “இதோ வந்துடறேன் அத்தை” என்று ஸ்கூட்டியை எடுத்தேன். அரை கிலோமீட்டர் தாண்டினேன். வீடு காவலுக்கு உட்கார்ந்தது.

கம்பெனி கேட்டில் வழக்கம்போல் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் லைனுக்குள் போன் போகாது. நூற்றுக்கணக்கான பேரின் போன்கள் கேட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். திருடன் வந்தால் உடனே போனுக்குத் தகவல் வரும் என்று பெருமைப்பட்டு அலாரம் வாங்கியவளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். தோன்றவில்லை.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை அத்தை சொல்லித்தான் அறிந்தேன். பதினொன்றே காலுக்குப் பம்பை மேளக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமா பானையைத் தலையில் ஏற்றி, பின்கதவு வழியாக ஹாலுக்குள் வந்து இரண்டு எட்டு வைத்தார். சைரன் ஊளையிட்டது. கூடவே ஒரு பெண் குரல், “இன்ட்ரூடர் டிடெக்டட். ப்ளீஸ் லீவ் இம்மீடியட்லி” என்றது.

மாமா அப்படியே நின்றுவிட்டார். “யாரும்மா நீ? எந்த ரூம்ல கீற?”

அசையாமல் நின்றால் சத்தம் அடங்கியது. ஒரு காலைத் தூக்கினால் அவள் மறுபடி ஆரம்பித்தாள். வாசலில் எட்டிப் பார்த்தவர்களை, “எவனும் உள்ள வராதீங்க, ஆள் பூந்துகினு கீது!” என்று நின்ற இடத்திலிருந்தே தடுத்துவிட்டார் மாமா. என் கணவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. முன்னாடியே கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்கிறவருக்கு என்ன கேட்கும்?

இங்கே கம்பெனியில், தென்காசிப் பக்கத்துக்காரரான செக்யூரிட்டி அண்ணன் லைனுக்கே ஓடி வந்தார்.

“எம்மா, ஒங்க லாக்கரு கெடந்து கத்துதுல்லா! உள்ள எவளோ இங்கிலீசு பேசுதா!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாக்கர் ஏன் இங்கிலீஷ் பேச வேண்டும்? பின்னாலேயே ஓடினேன். போனைச் சைலன்ட்டில் வைத்தாலும் ஆபத்துக் காலத்தில் அந்த ஆப் கத்துமாம். எடுத்தால் போன் திறக்கவில்லை. முகத்தைக் காட்டு என்றது, மாஸ்க்கும் தொப்பியும் போட்ட முகத்தை அது ரிஜெக்ட் செய்தது. விரலை வைத்தால் விரலெல்லாம் எண்ணெய், அதுவும் ரிஜெக்ட். கடைசியில் எண்ணைத் தட்டித் திறந்து கேமராவைப் பார்த்தேன்.

ஹால் நடுவில் மாமா. தலையில் பானை. இரண்டு கையும் மேலே. கறுப்பு மீசை. பின்னால் வேப்பிலைக் கொத்தோடு அத்தை. இருவரும் கொலுவில் வைத்த மாதிரி அசையாமல் நின்றார்கள். படத்துக்குக் கீழே ஆப் எழுதியிருந்தது: வீட்டில் யாரும் இல்லை.

அலாரத்தை நிறுத்தப் போனால் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. நேற்றுத்தான் வைத்தேன். சுவரில் இருக்கிறதே என்ற தைரியத்தில் மனதில் வைக்கவில்லை. கேமராவில் அந்தத் தாள் நன்றாகவே தெரிந்தது. லேமினேஷன் பளபளப்பில் எண்தான் தெரியவில்லை. மைக்கை அழுத்தினேன்.

“மாமா! நான் கவிதா பேசறேன்!”

பானை ஒரு ஆட்டம் ஆடியது. சைரன். அடங்கியதும் மாமா கண்ணை மட்டும் உருட்டினார்.

“எங்கம்மா கீற?”

“கம்பெனில மாமா.”

“கம்பெனில கீறவ ஹால்ல எப்பிடி பேசற?”

“கேமராவுல பேசறேன் மாமா.”

“அப்ப அந்த இங்கிலீசுக்காரி?”

“அவளும் கேமராதான்!”

“ரெண்டு பேரும் அதுக்குள்ளயா கீறீங்க?”

“மாமா, சுவத்துல ஒட்டியிருக்கிற பேப்பர்ல கடைசி லைன படிங்க.”

“அசைஞ்சா கத்துதும்மா.”

“அத்தை, நீங்க படிங்க!”

“கண்ணாடி பின்னாடி கீதுடி” என்றார் அத்தை உதடு அசையாமல்.

“சரி, விடுங்க. அது கத்தினா கத்தட்டும். நீங்க கெளம்புங்க மாமா.”

“வூட்ட தேடாம எப்பிடிம்மா வாசல தாண்டறது?”

“அப்ப தேடுங்க!”

“பானையோட எப்பிடி தேடறது?”

“எறக்கி வெச்சிட்டு...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். இறக்கக் கூடாது. தேடாமல் போகக் கூடாது. அசையக் கூடாது. போனில் மணி பதினொன்று நாற்பது. கோயிலுக்குப் பத்து நிமிட நடை. பதினாறு வருடம் காத்திருந்த மனிதர் நான் மாட்டிய ஒரு டப்பாவுக்குப் பயந்து நிற்கிறார். எனக்கு அழுகையாக வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“திருடன் வந்தா கூழக் குடிச்சிட்டுப் போவட்டும் மாமா! எலிக்குப் பயந்து, கரண்டுக்குப் பயந்து, இந்த வூட்டையே ஜெயிலு மாதிரி வெச்சிகினு கீறீங்க! வாக்கப்பட்டு வந்ததுலேந்து பாக்கறேன், ஒரு நாளாவது நான் சொல்றத கேட்டிருக்கீங்களா? இன்னிக்கி கேளுங்க! வாய மூடிகினு நடங்க!”

ஸ்பீக்கர் சத்தத்தை நான் முழுசாக வைத்திருந்தேன். சைரனைக் கேட்டுப் பம்பையை நிறுத்திவிட்டுத் தெருவே எங்கள் வாசலில் நின்றிருந்தது. கேமராவில் அந்த வாசல் தெரியாது. இந்த மூன்றும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. படத்தின் ஓரத்தில் முதலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு சரோஜா அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு இன்னொரு தலை. பிறகு பம்பைக் குச்சியோடு ஒருவர்.

“எம்மா, சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார் பின்னாலிருந்து செக்யூரிட்டி அண்ணன்.

மாமனாரை, ஊர் கூடி நிற்கும்போது, வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லியிருக்கிறேன். இனி அந்த வீட்டுப் படி ஏற முடியாது என்று நினைத்தேன். மாமா கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார். சைரன் அலறியது. அதையும் மீறிக் கத்தினார்:

“கேட்டீங்களாடா? ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! அடிங்கடா பம்பைய!”

பம்பை அதிர்ந்தது, யாரோ குலவை இட்டார்கள், பானை வாசலைத் தாண்டியது. ஹால் காலியானதும் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் வீடு இப்போது பாதுகாப்பாக உள்ளது.’

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பானை கோயில் வாசலில் இறங்கியது. லாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, மாமா கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்தேன். “மன்னிச்சிடுங்க மாமா, வாய் தவறிப் போச்சி.” அவர் என் கையில் ஒரு சொம்புக் கூழைக் கொடுத்தார். “குடிம்மா. தொண்ட காஞ்சிருக்கும்.”

ஆத்தா பேசியதாக ஊரில் ஒருவரும் நம்பவில்லை. தன் பெயர் கவிதா, வேலை கம்பெனியில் என்று ஆத்தாவே சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். ஆனால் மாமா சொன்ன கதையை யாரும் மறுக்கவும் இல்லை. இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால் என் கணவர் பக்கத்து அறையிலிருந்து, “அடிங்கடா பம்பைய” என்கிறார். போன மாதம் சரோஜா அக்கா வந்து அந்தக் கேமரா எங்கே வாங்கியது என்று விசாரித்தார். உங்கள் வீட்டில்தான் நாய் இருக்கிறதே, திருடன் பயம் என்ன என்று கேட்டேன். “திருடனுக்கு யாரு கேட்டா? எங்க மாமனாருக்கு” என்றார்.

எல்லாரையும்விட அத்தைதான் தேறிவிட்டார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். டச் போன் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அதில் அவருக்குத் தெரிந்தது அந்த மைக் பட்டன் ஒன்றுதான். போன வாரம் சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனவர், அங்கிருந்தே அதை அழுத்தியிருக்கிறார்.

“இன்னாங்க, மாத்திர போட்டீங்களா?”

டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமா நாற்காலியை விட்டு எழுந்து, கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“போட்டுட்டேன் தாயே.”

“பொய் சொல்லாதீங்க. மாத்திர பிரிக்காம டேபிள் மேல கீது, எனக்கு இங்கேந்தே தெரியுது.”